டிஎன்டி போட்ட பிறகும் விளம்பர மெசேஜ் ஏன் வருகிறது?

செல்போனுக்கு வரும் எஸ்.எம்.எஸ்.களில், அனுப்பியவர் பெயருக்குப் பின்னால் ஒரு சிறு கோடும் ஒற்றை ஆங்கில எழுத்தும் ஒட்டிக்கொண்டு வருவதைக் கவனித்திருப்பீர்கள். சிலவற்றில் பி (P), சிலவற்றில் எஸ் (S), இன்னும் சிலவற்றில் டி (T) அல்லது ஜி (G). டிராய் எனப்படும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2025 பிப்ரவரி 12-ஆம் தேதி வெளியிட்ட விதித் திருத்தத்தால் வந்த மாற்றம் இது. விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்தும், வங்கி போன்ற சேவை அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்தும் வர வேண்டும் என்பதும் அதே திருத்தத்தில் இருக்கிறது.

இவ்வளவு விதி இருந்தும், "விளம்பரம் வேண்டாம் என்று டிஎன்டி பதிவு செய்திருக்கிறேன், ஆனாலும் கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறதே?" என்ற கேள்வி நிற்கவில்லை. அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், ஒரு விளம்பர மெசேஜ் கடையிலிருந்து கிளம்பி நம் கைக்கு வரும் வழியை முதலில் பார்க்க வேண்டும். அந்த வழியில் பல சோதனைகள் உண்டு. அவற்றில் மிகப் பலவீனமானது, நாம் சம்மதம் கொடுத்தோமா என்று பார்க்கும் சோதனை.

## வணிகர்கள் எஸ்.எம்.எஸ்.ஸை விடாமல் பிடித்திருப்பது ஏன்

உலகின் முதல் எஸ்.எம்.எஸ். 1992 டிசம்பர் 3-ஆம் தேதி இங்கிலாந்தில் வோடஃபோன் நெட்வொர்க்கில் போனது. கிறிஸ்துமஸ் வாழ்த்துதான் அதன் வாசகம். அதற்குப் பிறகு எத்தனையோ செயலிகள் வந்துவிட்டன. ஆனாலும் வணிகர்கள் இதைக் கைவிடவில்லை. காரணம் எளிது. இணையம் வேண்டாம், செயலி வேண்டாம், ஸ்மார்ட்போன்கூட வேண்டாம். சாதாரண பட்டன் போனிலும் போய்ச் சேரும். போன் அணைந்திருந்தால் நெட்வொர்க்கில் உள்ள குறுஞ்செய்தி மையம் அதைச் சேமித்து வைத்து, போன் உயிர் பெற்றதும் கொடுத்துவிடும்.

விலையும் குறைவு. உள்நாட்டில் மொத்தமாக அனுப்பும் ஒரு மெசேஜுக்குச் சில பைசாக்கள்தான் ஆகின்றன. ஆடித் தள்ளுபடிக்கு முன் பத்தாயிரம் பழைய வாடிக்கையாளர்களுக்குத் தகவல் சொல்ல ஒரு துணிக்கடைக்கு இதைவிட மலிவான வழி கிடைப்பது கடினம். அந்த மலிவுதான் தொல்லைக்கும் காரணம். அனுப்புகிறவருக்குச் செலவு மிகக் குறைவாக இருக்கும்போது, ஆயிரத்தில் ஒருவர் வாங்கினாலும் கணக்கு சரியாகிவிடும். மீதி 999 பேரின் நேரத்துக்கு யாரும் விலை கொடுப்பதில்லை. சந்தையே இதைச் சரிசெய்யாது என்பதால்தான் விதிகள் தேவைப்பட்டன.

## விதிகள் வந்த பாதை

2007-இல் முதல் விதிமுறை வந்தது. அழைக்க வேண்டாம் என்று விரும்புகிறவர்களின் எண்களுக்குத் தேசியப் பதிவேடு ஒன்று உருவானது. தொல்லை குறையவில்லை. 2010-இல் புதிய விதிமுறை கொண்டுவந்து, 2011 செப்டம்பர் 27 முதல் அமல்படுத்தினார்கள். அப்போது ஒரு சிம்மிலிருந்து ஒரு நாளைக்கு 100 எஸ்.எம்.எஸ்.தான் அனுப்பலாம் என்று வரம்பு போட்டது பலருக்கு நினைவிருக்கும். கொஞ்ச நாளில் அது 200 ஆனது. சில மொத்த வணிகர்களைக் கட்டுப்படுத்த எல்லோருடைய கையையும் கட்டிய ஏற்பாடு அது. நல்ல விதி என்று அதைச் சொல்ல முடியாது.

இப்போது நடைமுறையில் இருப்பதன் அடித்தளம் 2018 ஜூலை 19-ஆம் தேதியிட்ட விதிமுறை. அதன் மையக் கருத்து டிஎல்டி. அதாவது, எல்லாத் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் சேர்ந்து வைத்திருக்கும் பகிர்வுப் பேரேடு. பிளாக்செயின் தொழில்நுட்பத்தில் இயங்குவது. யார் அனுப்புகிறார், என்ன பெயரில், என்ன வாசகம், யார் சம்மதித்தார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகும். ஒரு நிறுவனம் மட்டும் தனியாக உள்ளே புகுந்து திருத்திவிட முடியாது.

அந்தப் பேரேடு முழு வீச்சில் இயங்கத் தொடங்கிய நாளில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2021 மார்ச் 8. அன்று முதல், பதிவான வாசகத்தோடு பொருந்தாத எந்த வணிக மெசேஜையும் நெட்வொர்க்குகள் தடுக்கத் தொடங்கின. பல வங்கிகளும் நிறுவனங்களும் தங்கள் வாசகங்களைச் சரியாகப் பதிவு செய்திருக்கவில்லை. விளைவு, நாடு முழுக்க ஓடிபி வரவில்லை. பணம் அனுப்ப முடியவில்லை. முதியவர்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியிருந்த நேரம் அது. கோவின் தளத்தில் பதிவு செய்யவும் ஓடிபி வேண்டும், அதுவும் சிக்கியது. மறுநாளே டிராய் இந்தச் சோதனையை ஏழு நாட்களுக்கு நிறுத்திவைத்தது. விளம்பரத்தை வடிகட்ட வைத்த சல்லடை அத்தியாவசியச் செய்தியையும் பிடித்துக்கொண்டது. இரண்டும் ஒரே குழாயில் வருவதால் எழும் சிக்கல் இது. செய்திகளுக்கு வகை பிரித்துப் பெயரிட வேண்டிய அவசியமும் இதனால்தான் வந்தது.

## ஒரு விளம்பர மெசேஜ் கடக்கும் படிகள்

1. பதிவு. விளம்பரம் அனுப்ப நினைக்கும் கடையோ நிறுவனமோ முதலில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் டிஎல்டி தளத்தில் தன்னைப் பதிவு செய்ய வேண்டும். பான், ஜிஎஸ்டி போன்ற ஆவணங்கள் கேட்பார்கள்.

2. ஹெடர். அனுப்புநர் பெயராக வரும் ஆறு எழுத்து அடையாளம். வேறொருவர் பதிவு செய்ததை எடுத்துக்கொள்ள முடியாது. கடைப் பெயருக்கும் ஹெடருக்கும் தொடர்பு இருக்க வேண்டும்.

3. டெம்ப்ளேட். அனுப்பப் போகும் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் பெற வேண்டும். பெயர், தொகை, தேதி போன்ற மாறும் இடங்களை மட்டும் காலியாக விடலாம். மற்ற சொற்களில் ஒன்று மாறினாலும் மெசேஜ் போகாது. 2024 அக்டோபர் 1 முதல், வாசகத்தில் உள்ள லிங்க்கையும் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். போலி லிங்க் வழியாக நடந்த மோசடிகளால் வந்த கட்டுப்பாடு இது.

4. டெலிமார்க்கெட்டர். பெரும்பாலான கடைகள் நேரடியாக அனுப்புவதில்லை. பல்க் எஸ்.எம்.எஸ். நிறுவனம் ஒன்று இடையில் இருக்கும். சில சமயம் அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே மற்றொன்று. இந்தச் சங்கிலி முழுவதையும் பேரேட்டில் காட்ட வேண்டும் என்பது 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன், தவறான மெசேஜ் ஒன்று போனால் "நான் இல்லை, அவர்" என்று ஒவ்வொருவரும் கைகாட்ட இடமிருந்தது.

5. சலித்தல். மெசேஜ் கிளம்பும்போது ஹெடர், டெம்ப்ளேட், பெறுபவரின் டிஎன்டி விருப்பம், சம்மதம் எல்லாவற்றையும் கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால்தான் வழிவிடும்.

இதில் முதல் நான்கு படிகளும் அனுப்புகிறவரைப் பற்றியவை. ஐந்தாவதில் ஒரு சின்னப் பகுதிதான் நம்மைப் பற்றியது. இந்த ஏற்றத்தாழ்வைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

## அனுப்புநர் பெயரைப் படிப்பது எப்படி

பெயரின் தொடக்கத்தில் உள்ள இரண்டு எழுத்துகளில் முதலாவது எந்த நெட்வொர்க் வழியாகக் கிளம்பியது என்பதைச் சொல்லும். ஏ என்றால் ஏர்டெல், ஜே என்றால் ஜியோ, வி என்றால் வோடஃபோன் ஐடியா. இரண்டாவது எழுத்து தொலைத்தொடர்பு வட்டம். எம் என்றால் மும்பை, எக்ஸ் என்றால் கர்நாடகா. மதுரைக் கடையின் மெசேஜில் மும்பைக்கான எழுத்து இருந்தால் பயப்பட வேண்டாம். மெசேஜ் நெட்வொர்க்குக்குள் நுழைந்த இடத்தைத்தான் அது காட்டுகிறது, கடை இருக்கும் ஊரை இல்லை.

நடுவில் ஹெடர். கடைசி எழுத்துதான் புதிது:

- பி என்றால் விளம்பரம். டிஎன்டி தடுப்பது இந்த வகையைத்தான்.
- எஸ் என்றால் சேவை. நாம் ஏற்கெனவே வாங்கிய பொருள், வைத்திருக்கும் கணக்கு பற்றிய தகவல்.
- டி என்றால் பரிவர்த்தனை. நாமே தொடங்கிய ஒரு செயலுக்கான பதில். ஓடிபி, டிக்கெட் உறுதி போன்றவை.
- ஜி என்றால் அரசு.

ஒரு சேவை மெசேஜின் வாலில் "இப்போது வாங்கினால் 20 சதவீதம் தள்ளுபடி" என்று ஒரு வரி சேர்த்தால் அது விளம்பரம்தான் என்பது விதியின் நிலை. எஸ் என்று முடியும் மெசேஜில் விற்பனை வாசகம் இருந்தால் புகார் செய்ய அதுவே போதுமான காரணம்.

## தமிழ் மெசேஜுக்கு ஏன் கூடுதல் செலவு

நம் ஊர்க் கடைகள் தமிழில் விளம்பர எஸ்.எம்.எஸ். அனுப்பாமல், ஆங்கிலத்திலோ ஆங்கில எழுத்தில் தமிழாகவோ அனுப்புவதை மொழிப் பற்றின்மை என்று சிலர் சொல்கிறார்கள். அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது.

ஒரு எஸ்.எம்.எஸ்.ஸின் கொள்ளளவு 140 பைட், அதாவது 1,120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து கொள்ளும். தமிழ் போன்ற எழுத்துகளுக்கு யுனிகோட் முறையில் 16 பிட் வேண்டும். அதனால் 70 இடங்கள்தான். அந்த எழுபதும் நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல. 'டி' என்பதில் டகரத்துக்கு ஓர் இடம், இகரக் குறிக்கு ஓர் இடம். 'ள்' என்பதில் புள்ளிக்குத் தனி இடம். "ஆடித் தள்ளுபடி" என்று எழுதினால் கண்ணுக்கு எட்டு எழுத்தும் ஓர் இடைவெளியும்தான் தெரியும். கணினியின் கணக்கில் அது 14 இடங்கள்.

எல்லை தாண்டினால் மெசேஜ் துண்டுகளாகப் பிரியும். பிறகு ஒட்டுவதற்கான குறிப்புக்கும் இடம் வேண்டுமென்பதால், ஒரு துண்டில் ஆங்கிலத்தில் 153, தமிழில் 67 இடங்கள்தான் மிஞ்சும். ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம். ஆங்கிலத்தில் ஒன்றாக அடங்கும் 160 இடங்கள் தமிழில் மூன்று துண்டுகள் ஆகும்.

இந்திய மொழிகளை 7 பிட்டுக்குள் அடக்கும் எழுத்து அட்டவணைகள் சர்வதேசத் தரத்தில் இருக்கவே செய்கின்றன. தமிழுக்கும் உண்டு. ஆனால் அனுப்பும் அமைப்பும் பெறும் போனும் இரண்டுமே அதைப் புரிந்துகொண்டால்தான் பயன். நடைமுறையில் யுனிகோடுதான் ஓடுகிறது. தாய்மொழியில் வாடிக்கையாளரிடம் பேச விரும்பும் கடைக்காரர் இரண்டு மூன்று மடங்கு கட்டணம் கொடுக்க வேண்டியிருப்பது நியாயமில்லை. எழுத்து மொழியைப் பொறுத்துத் துண்டுக் கட்டணத்தைச் சமப்படுத்தினால் தீரும் விஷயம் இது.

## சரி, டிஎன்டி எங்கே ஓட்டை விடுகிறது

மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, பதிவே செய்யாதவர்கள். சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து வரும் விளம்பரங்கள் மேலே சொன்ன ஐந்து படிகளில் எதையும் தொடுவதில்லை. நெட்வொர்க்கின் கண்ணுக்கு அது ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் மெசேஜ். 2024 ஆகஸ்ட் 13-ஆம் தேதி, இப்படிப் பதிவு செய்யாமல் விளம்பர அழைப்பு விடுப்பவர்களின் இணைப்புகளைத் துண்டித்து இரண்டு ஆண்டு கறுப்புப் பட்டியலில் வைக்க டிராய் உத்தரவிட்டது. சில வாரங்களில் 2.75 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் புதிய சிம் வாங்குவது எளிதாக இருக்கும்வரை இந்த வேலை ஓயாது.

இரண்டு, வகை மாற்றி அனுப்புவது. விளம்பரத்துக்குச் சேவை என்று பெயர் சூட்டி அனுப்புவது. கடைசி எழுத்து வந்த பிறகு இது வெளியே தெரிகிறது, அதனால் பிடிப்பதும் எளிதாகியிருக்கிறது.

மூன்று, நாம் கொடுத்ததாகச் சொல்லப்படும் சம்மதம். அதிகம் பேசப்படாத வழி இதுதான். ஒரு நிறுவனத்துக்கு நாம் சம்மதம் கொடுத்திருந்தால், டிஎன்டி இருந்தாலும் அந்த நிறுவனம் விளம்பரம் அனுப்பலாம். விதியே அப்படித்தான். அது தவறும் இல்லை. விரும்பிக் கேட்டவருக்குத் தகவல் போகத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சம்மதம் எப்படி வாங்கப்பட்டது?

பில் போடும் இடத்தில் "போன் நம்பர் சொல்லுங்க" என்பார்கள். பின்னால் வரிசை நிற்கும். நாமும் சொல்லிவிடுவோம். அது பில்லுக்காகச் சொன்ன எண். எங்கோ ஒரு விண்ணப்பத்தில், செயலியில், பரிசுக் கூப்பனில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: எங்களிடமிருந்தும் எங்கள் கூட்டாளிகளிடமிருந்தும் தகவல் பெறச் சம்மதிக்கிறேன். அந்தக் கூட்டாளிகள் யார் என்று எங்கும் எழுதியிருக்காது. எண்ணைச் சொல்லாவிட்டால் பில் போட முடியாது என்று கடைகள் கட்டாயப்படுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருக்கிறது. கடை வாசலில் இது இன்னும் வழக்கமாகவில்லை.

உண்மையான சம்மதம் எப்படி இருக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2013-இல் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம், பீகார், ஜார்க்கண்ட் கிராமங்களில் மிஸ்டு கால் மூலம் இயங்கும் ஒரு பொழுதுபோக்குச் சேவையைத் தொடங்கியது. 'கான் கஜூரா தேசன்' என்று பெயர். மின்சாரமும் தொலைக்காட்சியும் சரியாக எட்டாத பகுதிகள் அவை. மக்கள் ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுப்பார்கள். திரும்ப அழைப்பு வரும், பாட்டும் நகைச்சுவையும் இடையிடையே நிறுவனத்தின் விளம்பரமும் ஒலிக்கும். கேட்கிறவருக்குச் செலவில்லை. முக்கியமானது, அவராகவே கூப்பிட்டால்தான் விளம்பரம் வரும். வேண்டாம் என்றால் கூப்பிடாமல் இருந்தால் போதும்.

சம்மதத்தைச் சீராக்க டிராயும் முயல்கிறது. காகிதத்தில், கடை ரிஜிஸ்டரில் இருக்கும் சம்மதங்களுக்குப் பதிலாக, டிஜிட்டல் முறையில் மட்டும் சம்மதம் பெறும் ஏற்பாட்டை 2023 ஜூனில் அறிவித்தது. 127 என்று தொடங்கும் குறுகிய எண்ணிலிருந்து "இந்த நிறுவனம் இன்ன காரணத்துக்காகச் சம்மதம் கேட்கிறது" என்று மெசேஜ் வரும், நாம் ஆமாம் அல்லது இல்லை சொல்லலாம். 2025 திருத்தம் இன்னும் சிலவற்றைச் சேர்த்தது. நடந்துகொண்டிருக்கும் ஒரு பரிவர்த்தனைக்காக நாம் கொடுத்த சம்மதம் ஏழு நாட்கள்தான் செல்லும். ஒருமுறை வேண்டாம் என்று விலகியவரிடம் 90 நாட்களுக்குள் மறுபடி சம்மதம் கேட்கக் கூடாது. விளம்பர மெசேஜிலேயே விலகும் வழி இருக்க வேண்டும். என் பார்வையில், இந்த மூன்றும் கடைசி எழுத்தைவிடப் பெரிய மாற்றங்கள்.

## இதன் விளைவுகள்

நேர்மையான சிறு கடைக்குச் சுமை கூடியிருக்கிறது. பதிவு, ஹெடர், ஒவ்வொரு பண்டிகைக்கும் புது டெம்ப்ளேட் ஒப்புதல். அட்சய திருதியைக்கு முந்தைய நாள் வாசகத்தை மாற்ற நினைத்தால் நடக்காது. மோசடிக்காரருக்கு இந்தச் சுமை எதுவும் இல்லை.

அதனால் பலர் வாட்ஸ்அப்புக்கு நகர்ந்துவிட்டார்கள். டிராயின் இந்த விதிகள் வாட்ஸ்அப்புக்குப் பொருந்தாது. அங்கே எது அனுப்பலாம், என்ன விலை என்பதை மெட்டா நிறுவனமே தீர்மானிக்கிறது. வணிகக் கணக்கிலிருந்து போகும் விளம்பர மெசேஜுக்கு அது கட்டணம் வாங்குகிறது. படத்தோடும் பட்டனோடும் மெசேஜ் அனுப்ப உதவும் ஆர்.சி.எஸ். முறையிலும் இதே கதை நடந்தது. விளம்பரத் தொல்லை அதிகமாகி, 2022-இல் கூகுள் இந்தியாவில் அதன் வழியாகப் போகும் வணிக விளம்பரங்களை நிறுத்திவைக்க வேண்டி வந்தது. எஸ்.எம்.எஸ்.ஸில் விதி இறுகினால் தொல்லை அடுத்த வாசலைத் தேடுகிறது. சம்மதத்தைக் குறிப்பிட்ட ஒரு வழியோடு கட்டாமல், ஆளின் எண்ணோடு கட்டினால்தான் எல்லா வாசலுக்கும் அது பொருந்தும்.

## நாம் செய்யக்கூடியவை

1. 1909-க்கு அழைத்தோ மெசேஜ் அனுப்பியோ, டிராயின் டிஎன்டி செயலியிலோ விருப்பத்தைப் பதிவு செய்யலாம். முழுத் தடைதான் வேண்டும் என்பதில்லை. வங்கி, மனை, கல்வி, மருத்துவம் என்று துறைவாரியாகவும் தடுக்கலாம்.
2. தொல்லை மெசேஜ் வந்த ஏழு நாட்களுக்குள் புகார் செய்யலாம். முன்பு மூன்று நாட்கள்தான் அவகாசம். பதிவு செய்யாத அனுப்புநர் மீது புகார் செய்ய நீங்கள் டிஎன்டியில் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.
3. புகார் செய்வது வீண் என்று விட்டுவிடாதீர்கள். பத்து நாட்களில் ஐந்து புகார் வந்தாலே பதிவு செய்யாத அனுப்புநர் மீது நடவடிக்கை தொடங்க வேண்டும். முன்பு ஏழு நாட்களில் பத்து புகார் தேவைப்பட்டது. நடவடிக்கைக்கான அவகாசமும் 30 நாட்களிலிருந்து 5 நாட்களாகக் குறைந்திருக்கிறது. முதல் தவறுக்கு 15 நாள் வெளிச்செல்லும் சேவை நிறுத்தம், மறுபடி செய்தால் ஓராண்டுத் துண்டிப்பு.
4. பணம் போய்விட்டால் அது விளம்பரத் தொல்லை அல்ல, குற்றம். உடனே 1930-க்கு அழைக்க வேண்டும்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில் அமலாகும். எண் எதற்காகக் கேட்கப்படுகிறது என்று சொல்லித்தான் வாங்க வேண்டும் என்பதும், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அதே எளிமையில் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்பதும் அதில் இருக்கின்றன. சட்டத்துக்கு முன் சேர்த்த எண்களுக்கும் அறிவிப்பு கொடுக்க வேண்டும். ஆகவே பல ஆண்டுகளாகப் பில் புத்தகத்திலிருந்து சேர்த்த பட்டியல் கையில் இருந்தால், அதில் உள்ளவர்களிடம் இன்றே முறையாகச் சம்மதம் கேட்கத் தொடங்குவது நல்லது. பத்தாயிரத்தில் இரண்டாயிரம் பேர்தான் ஆமாம் சொல்வார்கள் என்றாலும், அந்த இரண்டாயிரம் பேருக்கு அனுப்புவதற்கான செலவு ஐந்தில் ஒரு பங்கு, அவர்கள் உங்கள் மெசேஜைத் திறந்து பார்க்கிறவர்கள்.